புலி மேஸ்திரி கத்திய ஒரு சொல்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நான் மேஸ்திரி. டிரம்மில் குரோம் மருந்தோடு சுற்றிச் சுற்றி நீலம் பாரித்து, சொட்டச் சொட்ட வெளியே வரும் ஈரத்தோலைப் பிழிந்து அடுக்குகிற பிரிவு என் பொறுப்பு. வயது ஐம்பதைத் தொடப்போகிறது. இத்தனை வருடம் எருமைத்தோலைத் தொட்டுக்கொண்டிருப்பவனுக்கு அதில் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. இதை எழுத உட்கார்ந்ததுமே காது சுடுகிறது.

எல்லாம் ஒரு பாராட்டில் ஆரம்பித்தது. மேனேஜர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒருநாள் கூப்பிட்டு, "நீங்க பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க. காலையில ஷிப்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் மோட்டிவேஷன் குடுங்களேன்" என்றார். எனக்கு அந்தச் சொல்லே பிடித்துப்போயிற்று. யாருக்கும் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இருந்ததில்லை.

முதல் நாள் பல்லியைப் பற்றிப் பேசினேன். கேன்டீன் டியூப்லைட் பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். பூச்சி அதன் மூக்குக்கு முன்னால் வட்டமடிக்கும். பல்லி அசையாது. தூங்கிவிட்டதோ என்று நாம் நினைத்துத் தட்டைப் பார்த்துத் திரும்பினால் பூச்சி இருக்காது, பல்லியின் வாயோரத்தில் ஒரு இறக்கை மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். "பார்த்தீங்களா? காத்திருக்கறப்போ கல்லு. பாயறப்போ புல்லட்டு" என்றேன். கை தட்டினார்கள். மறுநாள் ஏரிமேல் போகும் கரண்டுக் கம்பியில் உட்காரும் மீன்கொத்தி. அதற்கடுத்த நாள் செல்போனில் வந்த புலி வீடியோ. புல்லுக்குள் பதுங்குகிறது, பாய்கிறது, மான் விழுகிறது. நீளமாக இருந்ததை நானே உட்கார்ந்து இருபது விநாடிக்குக் கத்தரித்து, எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன். ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரே வரிதான் சொல்வேன்: "அடிக்கணும்னா அடி. யோசிச்சா போச்சு."

ஒரு மாதத்தில் எனக்குப் புலி மேஸ்திரி என்று பெயர். அந்த வரியும் ஊர்ச் சொத்தாகிவிட்டது. பிழிந்த தோலை அடுக்குகிற அக்கா ஒருவர் உண்டு. என் பேச்சு நடக்கும்போதெல்லாம் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவர்கூட கேன்டீன் வரிசையில் நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னாலிருந்து குரல் விடுவார்: "இன்னா புலி, சாம்பாரா சட்னியான்னு இன்னும் முடிவாவலயா? யோசிச்சா போச்சு மேஸ்திரி!"

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். கரப்பான் பூச்சியைக் கண்டால் நான் செருப்பைக் கையில் எடுப்பேன். எடுத்தபடியே நிற்பேன். அது எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போடுவேன். அதுவும் என்னைப் பார்த்து மீசையை ஆட்டும். மனைவி வந்து துடைப்பத்தால் ஒரே போடு போட்டுவிட்டு, "பேச்சுவார்த்தை முடிஞ்சிதா? போய் பாலைப் பாரு புலி, பொங்கி வழியுது" என்பாள். இதையும் நானே டேனரியில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் பயத்தை நானே கேலி செய்துவிட்டால் வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது என் வெகுநாள் தந்திரம்.

இப்போது தோலைப் பிழிகிற மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பெரிய ரோலர்கள். கரும்பு மெஷினைப் படுக்கவைத்து ஆளுயரத்துக்கு நீட்டினால் எப்படியோ அப்படி. ஒருவர் ஈரத்தோலை ரோலரின் வாயில் வைத்து மடிப்பில்லாமல் விரித்துவிடுவார். இன்னொருவர் ஓரத்தில் நின்று மிதியை மிதிப்பார். மிதித்தால் ரோலர்கள் நெருங்கித் தோலை உள்ளே இழுக்கும், காலை எடுத்தால் விலகிக்கொள்ளும். தோல் அகலமானது. மிதிக்கிறவருக்கு விரிக்கிறவரின் கை தெரியாது. இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி எதிரே நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மேஸ்திரி, அதாவது நான்.

அந்தச் சத்தத்தில் நீளமாகப் பேச முடியாது. எங்கள் பக்கம் 'விடு' என்பதை யாரும் 'விடு' என்று சொல்வதில்லை, 'வுடு'தான். லோடு ஏற்ற லாரி ரிவர்ஸில் வரும்போது பின்னால் நிற்பவன் "வுடு, வுடு, வுடு" என்று தட்டிக்கொண்டே வருவான். போதும் என்றால் "ஓல்டான்!" இந்த இரண்டு சொல்லையும் லாரியிலிருந்து மெஷினுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். வுடு என்றால் மிதி. ஓல்டான் என்றால் காலை எடு. நான் மேஸ்திரி ஆன நாளிலிருந்து அதுதான் சட்டம்.

மிதிப்பவர் வாணியம்பாடியிலிருந்து தினம் வந்து போகிற பாய். பேச்சு கம்மி, வேலை சுத்தம். என் பழைய தோஸ்த். பதினோரு வருடத்தில் அவர் கால் ஒருமுறைகூட என் சொல்லுக்கு முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. விரிப்பவர் திமிரிக்காரர், ஆம்பூரில் வாடகை வீடு. "ஊர் பேர்லதான் திமிரு இருக்குது, ஆளுகிட்ட பொட்டு கூட இல்ல" என்று நான் அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

அன்றைக்குக் காலை மீட்டிங்கில் மறுபடியும் புலிதான். டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தோலின் ஓரம் மடங்கிவிட்டது. திமிரிக்காரர் அதை நீவிவிடக் கையை நீட்டினார். ரப்பர் கிளவுஸின் விரல்நுனி மடிப்போடு சேர்ந்து உள்ளே போவதை முதலில் பார்த்தவன் நான். வேறு யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற இடத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

என் உடம்பு என்ன செய்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு கையும் தலைக்குப் போயின. வலது கால் முன்னால் ஒரு அடி வைத்தது, அது செய்ததைத் திருத்த இடது கால் பின்னால் ஒரு அடி வைத்தது. என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் இருந்தது. அதில் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது என்பது வரை அப்போது பார்த்தேன், இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். அழுத்த மட்டும் கை போகவில்லை. வாய் திறந்துகொண்டது. தோலை விட்டுவிடு, கையை எடு என்று திமிரிக்காரருக்குச் சொல்லத்தான் நினைத்தேன். வந்த சொல் இதுதான்:

"வுடு! வுடு! வுடு!"

ஓரத்தில் பாயின் முகம் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. நான் அலறிய தினுசைக் கேட்டு அவர் உடம்பு ஒரு கணம் பின்னால் சாய்ந்தது, மிதியில் இருந்த கால் தளர்ந்தது. பிறகு சொல் அவர் காதில் ஏறியது. அவர் மறுபடி மிதித்தார்.

மெஷின் நின்றது. அந்தப் பக்கம் தோல் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா அவசரத்துக்கு மெஷினை நிறுத்த மேலே தொங்கவிட்டிருந்த சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்திருந்தார். ரோலர்கள் விலகின. திமிரிக்காரர் கையை வெளியே எடுத்து, அது யாருடையதோ என்பது போலப் பார்த்தார். இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. கூட்டம் கூடியபோது நான் இன்னும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருநாள் அந்த அக்காவிடம், "உனக்கு எப்படிம்மா சட்டுனு தோணுச்சு?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா எப்படி? கவுறு இருந்துச்சு. இழுத்தேன்" என்றார்.

விபத்து நடந்த அன்றே மத்தியானம் மேனேஜர் அறை. மேசையில் விபத்து ரிப்போர்ட் பாரம். விபத்து எப்படி நடந்தது என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நீங்க கத்தினதா சொல்றாங்க. அப்புறமும் பாய் ஏன் காலை எடுக்கல?"

இங்கேதான் நான் வெட்கப்படுவது. மெஷின் முன்னால் நின்றுபோனதைக்கூட மன்னித்துவிடலாம், உடம்பு பயந்துபோயிற்று. இந்த அறையில் ஆபத்து ஒன்றும் இல்லை, ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் கண்ணிமைக்கிற நேரத்தில் என் வாயிலிருந்து பாய்ந்தது: "மெஷின் சத்தத்துல பாய்க்குக் கேக்கல போல, சார்."

யோசிக்கவே இல்லை. மாதக் கணக்கில் மற்றவர்களுக்கு நான் பாடம் எடுத்த அந்தப் பாய்ச்சல், பல்லியின் வேகம், மீன்கொத்தியின் குறி, எல்லாம் அந்த ஒரு பொய்யில் ஒன்று சேர்ந்து வந்தன. என் வாழ்நாளில் நான் தயங்காமல் செய்த ஒரே வேட்டை அதுதான். விழுந்தது பாய்.

'ஆபரேட்டருக்கு எச்சரிக்கை கேட்கவில்லை' என்று பாரத்தில் எழுதினார்கள். காதை டெஸ்ட் பண்ணும்வரை பாய் மெஷினில் நிற்கக் கூடாது என்றும் சொன்னார்கள். உப்புத்தோல் குடோனுக்கு அனுப்பினார்கள். பச்சைத்தோலில் உப்பை வாரிப் போட்டு அடுக்குகிற வேலை. புதிதாகச் சேருகிறவர்களைத்தான் அங்கே விடுவார்கள். காது மந்தம் என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் எந்த டேனரியிலும் மெஷின் பக்கம் விட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் குடோனுக்குப் போன இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பாய் பக்கத்தில் வந்து நின்றார். உப்பு பட்டு அவர் கை வெடித்திருந்தது.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்க பாய்."

"அன்னிக்கு நீங்க இன்னா சொன்னீங்க? எனக்கு 'வுடு'ன்னுதான் கேட்டுச்சு. ஓல்டான்னு சொன்னீங்களா? சச்சி, நெசமா சொல்லுங்க. சொல்லியும் கேக்கலன்னா என் காதுலதான் என்னமோ ஆய்டுச்சு. காலு எடுக்கப் போனேன். அப்புறம் வுடுன்னு கேட்டுச்சு. திரும்ப மிதிச்சிட்டேன். ராத்திரியெல்லாம் அதேதான் கேக்குது."

அவர் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே கேட்டார். தன் காதைவிட என் சொல்லை அவர் அதிகம் நம்பினார். 'வுடுன்னுதான் சொன்னேன் பாய்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். குழாயை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.

"அந்தப் பதட்டத்துல எனக்கே ஞாபகம் இல்ல பாய்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் செவிடானார். அப்படித்தான் சொல்ல வேண்டும். யார் பேசினாலும் கோழி மாதிரி தலையைச் சாய்த்து, "ஆ? இன்னா?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம். மற்றவர்களும் அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். "பாய்! டீ! டீ வந்துருச்சு!" என்று அவர் முகத்துக்கு முன்னால் கிளாஸை ஆட்டினான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திமிரிக்காரரை அவர் வீட்டில் பார்க்கப் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

"நீங்க வுடுன்னு கத்தினதும் தோலை வுட்டுட்டேன் மேஸ்திரி. கிளவுஸுதான் வுடல. நீங்க கத்தலன்னா முழு கையும் போயிருக்கும்" என்றார். பிறகு உள்ளே இருந்த மனைவியைப் பார்த்து, "இவருதான் என்னைக் காப்பாத்தினவரு. காப்பி போடு" என்றார்.

அந்தக் காப்பியைக் குடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, எதற்கென்று தெரியாமல், அந்தப் புலி வீடியோவை முழுசாகப் போட்டுப் பார்த்தேன். நான் கத்தரித்து எறிந்த பகுதியில் புலி மூன்று முறை பாய்ந்து தவறவிடுகிறது. ஒருமுறை பாதி ஓடிவிட்டு, இது ஆகாது என்று தெரிந்ததும் டக்கென்று நின்றுவிடுகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு, மான் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் வேறு விலங்குகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு வெட்கமாகத் தெரியவில்லை. தவறிவிட்டதை மறைக்க அது எதையும் செய்யவில்லை. அப்படி மறைக்காமல் நிற்கப் புலிக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

"இன்னா, மறுபடி புலியா?" என்றாள் மனைவி. அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுசன் உன்னை நம்பித்தானே கேட்டாரு" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வேலூர் காது டாக்டரிடமிருந்து ரிப்போர்ட் வந்தது. பாயின் காது நன்றாக இருக்கிறது. நான் உள்ளுக்குள் குதித்தேன், வாய் திறக்காமலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று. மேனேஜர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, "அப்போ காது கேட்டிருக்கு, ஆனா கவனிக்கல. இது இன்னும் மோசம். இவரை இனிமே மெஷின்ல போட முடியாது. திங்கக்கிழமை அதுக்கு லெட்டர் குடுத்துடலாம்" என்றார்.

சனிக்கிழமை மூன்று முறை அந்த அறைக்குப் போனேன். முதல் முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை கிளவுஸ் ஸ்டாக் கம்மியாக இருக்கிறது என்று சொன்னேன். மூன்றாம் முறை அவரே தலை நிமிர்ந்து, "என்ன மேஸ்திரி, உடம்பு சரியில்லையா?" என்றார். "லீவு பாரம் வேணும் சார்" என்றேன். கொடுத்தார். அந்தப் பாரம் இன்றைக்கும் பையில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை மீட்டிங். மேனேஜரும் வந்திருந்தார். குடோன் ஆட்கள் பின்வரிசையில், அவர்களில் பாய். "இன்னிக்கு இன்னா மேஸ்திரி, பாம்பா பருந்தா?" என்று ஒரு குரல்.

"அன்னிக்கு நான் ஓல்டான்னு சொல்லல. வுடுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருத்தன் "வுடு வுடு வுடு" என்று லாரியைத் தட்டுகிற மாதிரி பக்கத்து ஆளின் முதுகைத் தட்டினான். சிரிப்பு இன்னும் ஏறியது. வேறு யார் சொல்லியிருந்தாலும் முதல் தடவையிலேயே நம்பியிருப்பார்கள். நான் அந்த வசதியை வருடக்கணக்காகச் செலவழித்துத் தீர்த்திருந்தேன்.

"ஜோக்கு இல்ல" என்றேன். குரல் கீச்சென்று வந்தது, அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். "திமிரிக்காரர் கையை எடுக்கச் சொல்லத்தான் நினைச்சேன். வாயில வந்தது வுடு. பாய் காலை எடுக்கப் போனாரு. என் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்ப மிதிச்சாரு. பாய் மேல தப்பு இல்ல. சார்கிட்ட நான் பொய் சொன்னேன். பாய் வந்து கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தூணில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறந்தார். "எனக்கும் வுடுன்னுதான் கேட்டுச்சு. யாரு என்னைக் கேட்டீங்க?" என்றார் மேனேஜரைப் பார்த்து.

பாய் முன்னால் வந்தார். அவர் கை தானாகக் காதுக்குப் போனது. மடலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியது.

"அப்போ நான் கேட்டது சரிதான்" என்றார்.

"சரிதான் பாய்."

"குழாயாண்ட கேட்டேனே மேஸ்திரி. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. பத்து நாளா என் வீட்டுக்காரி பேசறப்பல்லாம் வாயையே பாத்துக்கிட்டிருந்தேன்."

 

லெட்டர் கிழிக்கப்பட்டது. எனக்கு மெமோ. காலைப் பேச்சு நின்றது. பாய் மறுநாளே மெஷினுக்கு வந்தார், ஒரு நிபந்தனையோடு. வுடு என்ற சொல்லை அந்த இடத்தில் யாரும் சொல்லக் கூடாது. இனிமேல் விரிக்கிறவர் இரண்டு கையையும் தோளுக்குமேல் தூக்கிக் காட்டினால்தான் அவர் மிதிப்பார். அதற்கேற்ப அவர் நிற்கிற இடத்தை மாற்றி, கை தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடியும் மாட்டிக் கொடுத்தார்கள். எதிரே நின்று சொல்ல ஆள் தேவையில்லை. திமிரிக்காரர் கட்டுப் பிரித்து வந்ததும் இரண்டு பேரும் என்னைப் பார்க்காமலேயே வேலையை ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓடுகிறது.

பாய் என்னோடு பேசாமல் இல்லை. சலாம் சொன்னால் பதில் சலாம் உண்டு. ஆனால் நான் எதைச் சொன்னாலும், டீ வந்துவிட்டது என்றாலும் சரி, நாளைக்கு லீவா என்றாலும் சரி, ஒரு நொடி நின்று, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இன்னா சொன்னீங்க மேஸ்திரி?" என்கிறார். நன்றாகக் கேட்டிருக்கும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் அதே வார்த்தைகளை, ஒன்றும் மாற்றாமல், இன்னொரு முறை சொல்கிறேன்.